அளபெடை

சண்டை தொடங்கியது ஏழேகாலுக்கு.
இப்போது ஒன்பது ஐம்பது.
கணக்குப்படி குகைக்குள்
பதினெட்டு விநாடிதான் போயிருக்கிறது.

ஒரு சுற்று என்றால் ஆறு விநாடி,
விதிநூலில் அப்படித்தான்.
அந்த ஆறுக்குள் எல்லோரும் ஒன்றாக
ஓடுகிறார்கள், வெட்டுகிறார்கள், விழுகிறார்கள்.
மேசையில் மட்டும் ஒவ்வொருவராக,
வங்கி வரிசையில் நிற்பதுபோல.

எட்மன்டனில், மில்வூட்ஸில், என் வீட்டு நிலவறை.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
சூடாக்கி உறுமி அடங்கும்போதெல்லாம்
பூதம் மூச்சு விடுகிறது என்பான் ரொமெல்.
ஒற்றைக்கண் பூதத்துக்கு நான் வைத்திருப்பது
ஊறுகாய்ப் போத்தலின் மூடி.
பாலத்துக்கு ஓர் அடிமட்டம்.

சேயோன் மந்திரவாதி.
வாயைத் திறக்குமுன் பக்கம் புரட்டுவான்.
நெருப்புருண்டைக்கு இருபது அடி ஆரமா, விட்டமா,
பக்கத்தில் நிற்கும் நாங்கள் வேகுவோமா
மீசை மட்டும் கருகுமா,
"பொறு மச்சான், அடிக்குறிப்பு ஒண்டு இருக்கு."
ரொமெலின் குள்ளன் ஓங்கிய கோடரியோடு
முக்கால் மணி நேரமாய் நிற்கிறான்.
ரொமெல் கைபேசியில் பனி நிலவரம் பார்க்கிறான்.

தர்மினியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வில்லாளி. எங்களில் மிக மெதுவானவள்.
காற்று எந்தப் பக்கம் என்று கேட்பாள்.
குகைக்குள் காற்றா?
இருக்கட்டும், எந்தப் பக்கம்?
பூதத்தின் கண் என்ன நிறம்?
அது நேற்றுச் சாப்பிட்டதா?
நாண் நனைந்திருக்கிறதா?
பிறகு தேநீர் ஒரு மிடறு.
பிறகு அந்த இருபது முகப் பகடையை
நித்திரையாக்குவதுபோல் உள்ளங்கையில் பொத்திக்கொள்வாள்.

பொறுக்க முடியாமல் போன சனிக்கிழமை
ஒன்றரை டொலருக்கு மணற்குடுவை வாங்கிவந்தேன்.
ஆளுக்கு ஒரு நிமிடம். மணல் தீர்ந்தால் முறை போச்சு.
சண்டை பறந்தது.
சேயோன் புத்தகத்தைத் தொடவே இல்லை.
பூதத்தின் தம்பி இருபத்தைந்தாம் நிமிடத்தில் செத்தான்.
அவனுக்கு மீசை இருந்ததா என்று
ஒருவருக்கும் ஞாபகமில்லை.
எட்டு மணிக்கே எல்லாம் முடிந்து
ஒருவரை ஒருவர் பார்த்தபடி சிப்ஸ் தின்றோம்.

இன்றும் குடுவையை அவள் முன் கவிழ்த்தேன்.
மணல் இறங்கியது.
தர்மினி அதை எடுத்துப்
பக்கவாட்டில் படுக்கவைத்தாள்.

"கிழமைக்கு நாலு இரவு
அவசர அழைப்பு எடுக்கிறன்.
முதல் கேள்வி, எங்க நிக்கிறீங்கள்.
அழுதுகொண்டிருந்தாலும் அதுதான் முதல்.
பேர் பிறகு.
கொஞ்சம் பிந்தினால் திரையில எண் சிவக்கும்.
இங்க ஒரு அம்புதானே.
நான் ஆறுதலா விடுறன்."

சேயோன் புத்தகத்தை மூடினான். பிறகு திறந்தான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
அரை நித்திரையில் கேட்ட அளபெடை
ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.
செய்யுளில் ஓசை குறைகிற இடத்தில்
நெட்டெழுத்தின் இரண்டு மாத்திரை போதாமல்
பின்னால் ஒரு குட்டி எழுத்து வந்து குந்திக்கொள்ளும்.
அதற்குத் தனியாகப் பொருள் ஒன்றும் கிடையாது.
அது எதற்கு என்று கேட்டு
வகுப்புக்கு வெளியே நின்றவன் நான்.

பத்து இருபதுக்கு உருட்டினாள்.
பகடை அடிமட்டத்தைத் தாண்டி,
மேசை விளிம்பைத் தாண்டி,
உறைபெட்டிக்குப் பின்னால் விழுந்தது.
டோர்ச் அடித்துப் பார்த்தோம்.
சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில்
எந்த முகமும் மேலே இல்லாமல் சாய்ந்து நின்றது.
சாய்ந்தால் திரும்ப உருட்டலாம், அதுவும் விதிதான்.
வேண்டாம் என்றாள்.

அதற்குள் ரொமெலின் கைபேசி அடித்தது.
பனி கொட்டத் தொடங்கிவிட்டதாம்.
வைட்மட் பெருந்தெருவை விடியுமுன் வழிக்க வேண்டும்.
சப்பாத்தை மாட்டியபடி மேசையைப் பார்த்துச் சொன்னான்,
"ஒருத்தரும் கோடரியில கை வைக்காதீங்கோ."
எங்களோடு இருந்து இருந்து
அவனும் இவ்வளவு தமிழ் பழகிவிட்டான்.

உறைபெட்டியை அடுத்த கிழமைதான் நகர்த்துவோம்.
அதுவரை அம்பு வழியில்.
பழுப்பு என்று சொல்லியிருந்தேன் அந்தக் கண்ணை.
அது இன்னும் இமைக்கவில்லை.

மேலே குசினியில்
ஊறுகாய்ப் போத்தல்
வாய் திறந்தபடி.