ஒரு பக்கக் கீறல்

கயிற்றை இழுத்தால் வரவில்லை.
மூன்று மாதமாக அதே பதில்தான்.
தோப்பில் மாம்பூ விரிந்துவிட்டது, தத்துப்பூச்சி
நடக்கும்போதே முகத்தில் மோதுகிறது.
மருந்தடிக்க டேங்க் ஒன்றுக்கு எண்பது ரூபாய்
கேட்கிறான் அகரத்துக்காரன்.

வளையலைக் கழற்றி அரிசி டப்பாமேல் வைத்தேன்.

பிளக் துளையில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி
இரண்டு ராத்திரி கட்டிலடியில் ஊறப் போட்டிருந்தேன்.
வீடே லாரி ஷெட் மாதிரி நாறியது.
வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அவர் தம்பி விஷயம் இது.

தக்காளிக்கு அடிக்க எடுத்துப்போனவன்
இறுகிப்போன எஞ்சினைத் திருப்பிக் கொண்டுவந்தான்.
'ஆயில் கலக்காம ஓட்டிட்டான்' என்று
ரேஷன் கடை வரிசையில் சத்தமாகச் சொன்னவள் நான்.
'கலந்துதான் அண்ணி ஊத்துனேன்' என்றான் சென்றாயன்,
ஒரே ஒரு தடவை.
பொங்கலுக்கு வரவில்லை.

சைலன்சருக்கு போல்ட் இரண்டு.
ஒன்று வந்துவிட்டது. மற்றதற்குத் தலை மழுங்கி
ஸ்பேனர் வழுக்கி
என் விரல் முட்டித் தோலை எடுத்துக்கொண்டது.
அடிக்கக் கூடாது. அடித்தால் உடையும்,
உடைந்த மிச்சம் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.
வெளியே தூக்கிப்போய்த் துடைத்து வெயிலில் உலர்த்தி
பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தலையில் வைத்தேன்.
பிறகு மெழுகுவத்தி.
மெழுகு உருகி
வழி தெரிந்ததுபோல் மரைக்குள் இறங்கியது.
கால் சுற்று வெளியே.
கால் சுற்று உள்ளே.
அரைமணி நேரம் இப்படி.

சைலன்சர் கையோடு வந்தது. அதன் பின்னால்
சிலிண்டர் பட்டைகளுக்கு நடுவே
காற்று போகவேண்டிய சந்தெல்லாம்
குளவி மண்.
செங்கல்லாய் வெந்திருந்தது.
ஸ்குரூ டிரைவரால் குத்தினால்
உள்ளே கூட்டுப்புழு ஒன்று, கருகி, வெங்காயத் தோல் கனத்தில்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூடப் பிறகுதான் பார்த்தேன்.

நான்கு போல்ட்டும் எடுத்தாகிவிட்டது.
அடியில் வேப்பங்கட்டை கொடுத்து
சிலிண்டரைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன்,
பழைய செருப்பைச் சுற்றிய சுத்தியலால்.
நகர்ந்தபோது சத்தம் வரவில்லை,
கை மட்டும் சற்று இலேசானது.

ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால்
பிஸ்டனைச் சுற்றிலும் கீறியிருக்க வேண்டும்.
கீறல் ஒரே பக்கம்.
சைலன்சர் பக்கம்.
கீழே கிராங்கைத் தடவினேன்:
மண்ணெண்ணெய் கழுவியும் போகாத
பச்சைப் பிசுபிசுப்பு.

சர்க்ளிப்பை நெம்பினேன், துள்ளிப் பறந்தது.
கேழ்வரகு மூட்டைக்கா, கட்டிலடிக்கா, தெருவுக்கா.
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தால் தரையெல்லாம் துழாவியதில்
இரண்டு ஆணி, ஒரு ஊக்கு,
போன வருஷம் தொலைத்த பீரோ சாவி.

போச்சம்பள்ளியில் பார்ட்ஸ் கடையில்தான் இருக்கிறான் சென்றாயன்.
போன் போட்டேன். எடுத்தான்.
தொண்டையில் இருந்தது
கால் சுற்று வெளியே வந்து
கால் சுற்று உள்ளே போனது.
'பிஸ்டன், ரிங்கு, ஒரு சர்க்ளிப் வேணும்.'
கடைச் சத்தம். யாரோ சில்லறை கேட்டார்கள்.
'எந்த எஞ்சினுக்கு?'
'உனக்குத் தெரியும்.'
கொஞ்ச நேரம் சில்லறை எண்ணினான்.
'மூணு சர்க்ளிப்பா எடுத்தாறேன் அண்ணி.
ஒண்ணு எப்பவும் பறந்துடும்.'

ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து வருவான்.
குளவி மண்ணை ஒரு பால் கவரில் போட்டு
ஜன்னலில் வைத்திருக்கிறேன்,
வாய் வராவிட்டால் கையில் கொடுக்க.