மூன்றாம் எதிர்தரப்பினர்

ஒன்று மருத்துவமனை.
இரண்டு டாக்டர் சபாநாயகம்.
மூன்று நான், அஞ்சலாட்சி, வயது முப்பத்தெட்டு.
நாலாவதாக யாருமில்லை.
புயலையும் நின்றுபோன ஜெனரேட்டரையும்
மனுவில் யாரும் சேர்க்கவில்லை.

மஞ்சக்குப்பம் நுகர்வோர் ஆணையத்தில்
ஏழு வாய்தா போய் எட்டாவதில் என்னை அழைத்தார்கள்.
எதிர் வக்கீல் குரலை உயர்த்தவேயில்லை.
"சாதாரணத் திறமையும் நியாயமான கவனமும் உள்ள ஒரு செவிலியர்
உங்கள் இடத்தில் இருந்திருந்தால்
என்ன செய்திருப்பார்?"

அன்றிலிருந்து அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
செம்மண்டலத்தில் இறங்கி
செருப்பைக் கையில் பிடித்து
முழங்கால் தண்ணீரில் டூட்டிக்கு வந்திருப்பாளா?
இருபத்திரண்டு கட்டிலுக்கும் ஒருத்தியா அவளும்?
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி நரம்பு தேடுகிறவள்
எந்தக் கையால் நேரத்தைக் குறிப்பாள்?
அவளுக்கு வியர்ப்பதில்லை,
வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் இல்லை.
ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்.
என் அம்மாவுக்கு ஒன்றென்றால்
அவள் வார்டில்தான் சேர்ப்பேன்.

சோதனை ஊசி போட்டேன், தோலுக்கடியில்.
தடிக்கவில்லை, சிவக்கவில்லை.
அரை மணி காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தேன்.
முப்பது நிமிடமா இருபதா,
ஒன்பதாம் கட்டிலில் ஒருத்திக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது,
கடிகாரம் இருட்டில் இருந்தது.
பிறகு முழு மருந்து.
பிறகு அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

கேஸ் ஷீட்டில்
இரண்டே காலுக்கும் மூன்றரைக்கும் நடுவில்
வெறும் வெள்ளை.
வக்கீல் அந்த வெள்ளையை
நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

நோட்டீஸ் வந்த வாரமே
மேனேஜர் கோதண்டம் கதவைச் சாத்தினார்.
மேசைமேல் அதே ஷீட், அதே நீலத்தில் ஒரு பேனா.
"ஒரே ஒரு வரிம்மா. நேரம் போட்டு ஒரு கையெழுத்து.
இன்ஷூரன்ஸ் டாக்டர் பேர்லதான் இருக்கு,
உம் பேர்ல இல்ல, யோசி."
யோசித்தேன். இரண்டு நாள்.
தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு,
அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும்,
பக்கத்தில் தேதி, கையெழுத்து:
பயிற்சிப் பள்ளியில் சொன்னது அவ்வளவுதான்.
இறந்தவர் தாளில் பின்னால் போய் எழுத
ஒரு கோடும் சொல்லித்தரவில்லை.
மூடி திருகிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
மறுநாள் முதல் எனக்கு ஓ.பி. டோக்கன் வேலை.

"சோதனை ஊசி போட்டீர்களா?"
போட்டேன்.
"எங்கே?"
இடது முன்கையில்.
"நான் கேட்பது, எந்தப் பக்கத்தில்?"
எந்தப் பக்கத்திலும் இல்லை, ஐயா.

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.
வேலைக்காரர் பிழை முதலாளி தலையில் என்று
சட்டம் சொல்லுமாம்.
பதிலுரையில் மருத்துவமனை எழுதியிருந்தது:
தனிநபர் கவனக்குறைவு.

தீர்ப்பு ஒத்திவைப்பு.

முதுநகர் பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலி,
ஏகவல்லிக்குப் பக்கத்தில்.
சோனாங்குப்பத்துக்காரி, மனுதாரர்,
அவர் மனைவி.
நின்றேன்.
அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
உட்கார்ந்தேன்.

கெடிலம் பாலம் தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:
"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"
"தண்ணி கேட்டாரு.
வலையைக் காயப் போட வேணாம், மழை விடலன்னாரு."
"அதை எழுதி வச்சியா?"
"இல்ல."

தலையாட்டினாள்.
மழை விடலன்னாரா, என்று
தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

இறங்கும்போது படியில் நின்று திரும்பினாள்.
"பதினாலாந் தேதிதானே?"
"ஆமாம். பத்தரைக்கு."