கொள்ளளவு

தொட்டியில் எழுதியிருப்பதைத் தினமும் படிக்கிறேன்.
திட்டத்தின் பெயர். மதிப்பீடு.
கொள்ளளவு அறுபதாயிரம் லிட்டர்.
உப்புக்காற்று பாதி எழுத்தைத் தின்றுவிட்டது.
கடன் கொடுத்த வங்கியின் முத்திரை மட்டும்
இன்னும் வெளுக்காத நீலம்.

நான் தொட்டி இயக்குபவன்.
ஊராட்சி எனக்குத் தந்திருப்பது
ஒரு சாவி, ஒரு பதிவேடு,
மூன்று மாதச் சம்பளப் பாக்கி.
வால்வைத் திறந்தால் முதலில் காற்று வரும்.
பிறகும் காற்றுதான் வரும்.
பதிவேட்டில் ‘திறக்கப்பட்டது’ என்று எழுதுவேன்.
அது பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குழு வருகிறது என்றார்கள்.
திங்கள் ராத்திரி சாயல்குடியிலிருந்து
வரிசையாக டேங்கர் லாரிகள்.
விடியும்வரை ஏற்றினோம்.
பதினோரு வருஷத்தில் முதன்முறையாகத்
தொட்டி வியர்த்தது.
அடியில் போய் நின்று
உச்சந்தலையில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டேன்.

ஐந்து பேர், ஒரு மொழிபெயர்ப்பாளர்.
தெருக்குழாயைத் திறந்து படம் எடுத்தார்கள்.
தலைமை அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு
நன்றாக இருக்கிறது என்றார்.
நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் பயனாளிகள் கையெழுத்து.
பாசி எடுத்துக் கரையேறிய பெண்கள்
ஈரச்சேலையோடு நின்றார்கள்.
விரலில் சுற்றிய ரப்பர் துண்டை அவிழ்க்காமலே
இஞ்ஞாசியம்மா பேனாவை வாங்கினாள்.
தாளைப் பார்த்தாள்.
“பயனாளின்னா யாரு?”

“திட்டத்தால் நன்மை பெறுகிறவர்”
மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழில் சொன்னார்.

“கடனை யாரு அடைக்கிறது?”
“அரசாங்கம்.”
“அதுக்கு ஏது காசு?”

இதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

“சோப்பு வாங்குனா வரி.
போனுக்குக் காசு போட்டா வரி.
எம்புருசன் குடிச்சுத் தொலைக்கிறானே
அந்தக் குப்பியிலயும் வரி.
எல்லா வரியிலயும் நான் இருக்கேன்.
குடம் பத்து ரூவா, நாளுக்கு ஆறு குடம்,
பதினோரு வருசமா லாரிக்காரனுக்கு அழுதிருக்கேன்.
அது ஒங்க தாள்ல எந்த வரியில இருக்கு?”

நான் பதிவேட்டின் பின்னட்டையில் பெருக்கிப் பார்த்தேன்.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
லீப் வருஷங்களை விட்டுவிட்டேன்.

அவள் ‘பயனாளி’யை அடித்தாள்.
மேலே, கோணல் எழுத்தில், நிதானமாக
‘கொடுத்தவ’ என்று எழுதிக்
கீழே பேர் வைத்தாள்.

அடுத்து நின்றவள் ஒன்றும் அடிக்கவில்லை.
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.
அவளுக்கு நூறுநாள் வேலைக்கூலி பாக்கி இருக்கிறது.
அதற்கடுத்தவள் கைநாட்டு.
தாளில் மை கொஞ்சம் பரவியது.

கார்கள் போனதும் கிளார்க் என்னிடம் சொன்னார்:
“மிச்சத் தண்ணிய மூடி வையி.
அடுத்த வாரம் இன்னொரு குழு வருது.”
சரி என்றேன்.
அவர் பைக் சத்தம் கருவைக்காட்டைத் தாண்டட்டும் என்று இருந்தேன்.

நான்கு தெருவுக்கும் திறந்துவிட்டேன்.
காலிக்குடத்தில் தண்ணீர் முதலில் அடிக்கிறபோது
ஒரு சத்தம் வருமே, அது
தெருத்தெருவாகக் கடல்வரை போனது.
சாராயக்கடைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

திறந்த நேரத்துக்குப் பதிவேட்டில் கட்டம் உண்டு.
மூடிய நேரத்துக்கு உண்டு.
தண்ணீர் வந்தது என்பதற்கு இல்லை.
ஓரத்தில் எழுதிவைத்தேன்.