சரிவு பூச்சியம் பாகை

இரவு பத்தரைக்கு அவர்களுக்கு விடிகிறது.
குருநகரில் என் மடிக்கணினி வெளிச்சத்தை
பூச்சிகள் மொய்க்கின்றன.

வரைபடத்தை இழுக்கிறேன், பெரிதாக்குகிறேன்.
மேற்குக் கனடாவின் மலைகள்:
கரையில் குவித்த வலைபோல
நெருங்கிக் கிடக்கும் கோடுகள்.
மேலே புள்ளிகள். ஒவ்வொன்றும்
யாரோ மண்வெட்டியோடு ஏறிப்போய்
பனியில் குழிவெட்டி, உள்ளே பார்த்து எழுதியது.
என் வேலை, புள்ளி சரியான இடத்தில் விழுந்ததா,
அமத்தினால் திறக்கிறதா.
வாசிக்கச் சொல்லி ஒருவரும் சம்பளம் தரவில்லை.
வாசிக்கிறேன்.

"நாற்பது சென்ரிமீற்றர் கீழே சீனி மாதிரி ஒரு படை.
மேலே கிடப்பது அதைப் பிடிக்கவில்லை.
சரிவு முப்பத்தெட்டுப் பாகை. திரும்பிவிட்டேன்."
எழுதுகிறவர் பெயர் கிளென்.
எந்நாளும் அவருக்குக் கடைசிச் சொல் அதுதான்.

ஐஸ் பக்டரியால் வந்த ரெஜினோல்ட்
ஈரக்காலோடு எட்டிப் பார்த்தான்.
"உதுக்குள்ள என்ன சீனி?"
சொன்னேன்.
"ஓ, பெட்டியில பழைய ஐஸுக்கு மேல
புது ஐஸ் கொட்டினா ஒட்டாது.
லொறி வளைஞ்சா இறாலோட சேர்ந்து முழுக்கச் சறுக்கும்."
எனக்கு இது விளங்க மூன்று மாதம் எடுத்தது.

செவ்வாய் கிளெனின் புள்ளி வரவில்லை.
புதனும் இல்லை.
அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்பு.
முகமாலையில் பஸ் நின்றால்
மண்டையோட்டுப் பலகைக்கு இந்தப் பக்கமே நின்று
மூத்திரம் பெய்த சனம் நாங்கள்.
சிவப்பை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

பிழை என்று பதிந்தேன்:
"இந்தப் பயனரின் புள்ளி தெரியவில்லை."
பதில் வந்தது:
"பிழை இல்லை. அவர் ஒன்றும் அனுப்பவில்லை. மூடப்பட்டது."
மூடப்பட்டது என்ற சொல்லை
அன்றிரவு நாலைந்து தரம் பார்த்தேன்.

வியாழன் கோயில் மணி கேட்டபோது
ஊர்பேர் தெரியாத ஓர் ஆளுக்காகச்
சிலுவை போட்டுக்கொண்டேன்.
ரெஜினோல்டிடம் சொல்லவில்லை.

வெள்ளி, ஒரு மணிக்கு ஒரு புள்ளி.
மலையில் இல்லை. ஊருக்குள்,
ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில்.
சரிவு: பூச்சியம் பாகை.
"காய்ச்சல். ஜன்னலால் பார்த்தேன். நிறையக் கொட்டுது."

விதிப்படி இது செல்லாது.
இடம் பிழை, குழி இல்லை, அளவு இல்லை.
சரி என்று அடையாளமிட்டேன்.

வெளியே தைப்பனி.
நனைந்த சைக்கிள் சீற்றைக் கையால் துடைத்துவிட்டு
ரெஜினோல்ட் ஐஸ் உடைக்கப் போனான்.