நாலே கால் கிலோ

எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்று
என் கைப்பையில் எப்போதும் இருக்கும்.
விமானத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் வாங்குவது.
நான் விமானம் ஏறியதில்லை.
பேஸ் கிட்டார் விற்கிறேன் என்று யார் சொன்னாலும்
முதலில் அதைக் கொக்கியில் மாட்டுவேன்,
பிறகுதான் வணக்கம்.

சர்ச்சில் எனக்குக் கொடுத்திருந்தது நாலே கால் கிலோ.
ஞாயிறு இரண்டு ஆராதனை, புதன் ஒத்திகை.
இடது தோளில் வார் பதிந்த தடம்
வெள்ளிக்கிழமை வரைக்கும் சிவந்திருக்கும்.
நாள் முழுக்க அடுத்தவர் தோள்பட்டையைப்
படமெடுக்கிற வேலை எனக்கு.
"மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க."
கூட்டமில்லாத ஒரு மதியம்
கிறிஸ்டபெல் என்னையே நிற்கவைத்து எடுத்தாள்.
எலும்பில் ஒன்றுமில்லை.
"பாட்டை விடும்மா, இல்ல பாரத்தை விடு"
என்றார் எலும்பு டாக்டர்
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

காட்பாடியில் ஒன்று பார்த்தேன்.
கழுத்து என் மணிக்கட்டைவிடத் தடிமன்.
முதல் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் நடுவே
என் சுண்டுவிரல்
பஸ்ஸைத் தவறவிட்டவளாய் நின்றது.
சத்துவாச்சாரியில் ஒன்று: கருநீலம், பளபளப்பு,
சத்தமோ தகர டப்பாவில் புளியங்கொட்டை.
ராணிப்பேட்டையில்
விற்க வந்தவரே கடைசி நிமிடம் மனசில்லாமல்
திரும்ப உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.
அவரை எனக்குப் பிடித்தது.

ஆம்பூரில் கிடைத்தது.
ஷூ கம்பெனி வெட்டுப் பிரிவில் இருக்கும் துரைக்கண்ணு,
கல்யாணக் கச்சேரியில் இப்போது
கீபோர்டே எல்லாத்தையும் வாசிச்சிடுது என்றார்,
கோபமில்லாமல்.
குட்டைக் கழுத்து. தேன் நிறம்.
முதுகில் பெல்ட் கொக்கி கீறிய கோடுகள்.
தராசு மூன்றே கால் காட்டியது.
மடியில் வைத்துக் கையெடுத்தேன்.
தலை தாழவில்லை, அப்படியே இருந்தது,
தூங்கும் பிள்ளை மாதிரி என்று எழுத வந்தது,
இல்லை,
சரியாகச் சாத்திய கதவு மாதிரி.

ஆம்ப் போன மாதமே விற்றாயிற்றாம்.
அவர்கள் வீட்டு மர பீரோவில்
கிட்டாரின் கொம்பை அழுத்திக்கொண்டு
தடித்த கம்பியைத் தட்டினேன்.
பீரோ முழுக்கப் பேசியது.
உள்ளே ஹேங்கர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப்பார்த்து
"நம்மகிட்ட இருந்தப்ப இப்படிக் கேக்கலையே" என்றார்.
பதினோராயிரத்து ஐநூறு.
ஆம்பூர் போய்ப் பிரியாணி சாப்பிடாமல் திரும்பியது
அதுதான் முதல் முறை.

வீட்டில் எனக்கும் பீரோதான் ஆம்ப்.
இரும்பு பீரோ, குரல் கொஞ்சம் கடுகடுப்பு.
சேலைகளை மேல்தட்டுக்கு மாற்றியதும் இறங்கி வந்தது.

வாருக்குப் பேரணாம்பட்டு ஜலீல்.
ஷெட்டில் கழித்துப்போட்ட எருமைத் தோல்,
உண்ணி கடித்த தழும்போடு.
நான் நாலு விரற்கடை கேட்டேன்,
ஆறு வேணும் என்று அவரே முடிவு செய்து வெட்டினார்.
மூன்று வாரம்
பக்கத்து மைக்கில் பாடியவர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.
தோள் சிவக்கவில்லை.

குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும்.
கத்திரி தொடங்கினால் கழுத்து லேசாக வளைந்து
தடித்த கம்பியின் மூன்றாம் கட்டம்
புட்டிக்குள் ஈ மாட்டிய மாதிரி ரீங்கரிக்கிறது.
எங்கள் பாதிப் பாட்டு அந்தச் சுரத்தில்தான் முடியும்.
"ஒரு கட்டை ஏத்திப் பாடேன்க்கா" என்றேன் கிளாடிஸிடம்.
"மழை வந்தா உன் கிட்டார் சரியாயிடும்,
என் தொண்டை ஆகாது."

ஆகவே மே மாதம் முழுக்க,
பாட்டு இறங்கி வந்து உட்காரும் இடத்தில்
நான் மட்டும் கையை எடுத்துவிடுகிறேன்.
போன ஞாயிறு
பின் பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தால்
விசிறிக்கொண்டிருந்த யாரோ
சரியாக அந்த இடத்தில்
விசிறுவதை நிறுத்தினார்கள்.