எண்பதாவது வாரம்

சுரங்கம் கொடுத்த கடைசிக் காசோலை வந்த உறையைப் பிரித்து
அதன் உட்பக்கத்தில் கோடு போட்டார் கப்பெம்ப்வா.
இடப்பக்கம் வெள்ளை லெகார்ன்.
வலப்பக்கம் பழுப்புக் கலப்பினம்.
மின்சாரம் போய் மூன்று மணி நேரம், ஜூன் மாதக் குளிர்.
மெழுகுவர்த்தி என் கையில்.
கணக்கு போகிற பக்கம் நானும் போனேன்.

வெள்ளை குறைவாகத் தின்னும் என்றார்,
கோழிக்குப் பத்து கிராம்.
பத்து கிராமில் என்ன வந்துவிடும்?
இருநூறு கோழிக்கு இரண்டு கிலோ,
மாதத்துக்கு ஒரு மூட்டைக்கும் மேல்.
பாறைக்கு வெடிமருந்து அளந்த கை அது,
பத்து கிராமை அற்பம் என்று நினைக்காது.

ஆனால் லெகார்ன் பயந்தாங்கொள்ளி.
நவம்பர் இடிக்கு ஒரே மூலையில் போய்க் குவியும்.
பக்கத்துத் தெரு முலெங்காவுக்கு
ஒரே ராத்திரியில் நாற்பது போயிற்று,
அத்தனையும் அடியில் கிடந்தவை.
காலையில் தள்ளுவண்டி இரண்டு நடை போனது.

சிசொக்கோனே சந்தையில் பானா சோம்பா
ஏற்கெனவே சொல்லிவிட்டாள்:
"வெள்ளை முட்டை சீக்காளி மாதிரி இருக்கு."
உடைத்தால் இரண்டும் ஒன்றுதானே என்றேன்.
"உடைச்சுக் காட்டியா விக்க முடியும்?"

பழுப்புக்கு எடையும் அதிகம், கடைசியில் கறிக்குப் போகும்.
பண்ணைக்காரர் தந்த தாளில் விரலை ஓட்டிப் படித்தார்:
பதினெட்டாம் வாரம் முதல் முட்டை.
முப்பதில் உச்சம்.
அறுபதுக்கு மேல் மெல்லச் சரியும்.
எண்பதாவது வாரம்
பறவைகளை அகற்றிவிடவும்.

பென்சில் நின்றது.

மார்ச்சில் வந்த கடிதத்தில் இருந்தது
இதே சொல் இல்லை,
இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல்.
நாற்பத்தொன்பது வயது. இருமல். மூன்றாம் சுரங்கவாய்.
இவருக்கும் யாரோ இப்படி ஒரு கோடு போட்டிருப்பார்கள்,
தின்றது ஒரு பக்கம், இட்டது ஒரு பக்கம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விரலில் மெழுகு சொட்டியது, கை மாற்றிக்கொண்டேன்.

எண்பதை அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதினார்.
"கிறிஸ்துமஸுக்கு வித்தா நல்ல விலை"
நான் கேட்காத கேள்விக்கு அது பதில்.
கிறிஸ்துமஸ் எந்த வாரம் என்று எண்ணிப் பார்த்தேன்.
எழுபத்தெட்டு.
அதையும் சொல்லவில்லை.

எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது:
கூடுதல் பத்து வாரத்துக்குத் தீனி முப்பத்திரண்டு மூட்டை.
கோழிக்கு முட்டை குறையும், பசி குறையாது.
விற்றது போகக் கையைக் கடிக்கப்போவது நாலு மூட்டை.
நாலு மூட்டைக்குப் பள்ளிச் சீருடை எத்தனை?
பதினேழு.
பை வைத்துத் தைத்தால் பதினைந்து.

மறுநாள் இருநூறு பழுப்புக்கு முன்பணம் கட்டினோம்.
நூற்றுக்கு இரண்டு இனாம் என்றான் கடைப் பையன்,
எப்படியும் சிலது செத்துப்போகும், அதற்காக.
பேனாவை மூடப் போனவனை நிறுத்தி
"அந்த நாலையும் ரசீதில் எழுது"
என்றார் கப்பெம்ப்வா.