கட்டமில்லாத பயணம்

லொசான், பிப்ரவரி.
ஏரியின் ஆழத்தில் ஏழு பாகைதான்.
அதையும் பிழிந்து
நூலகம்வரை வெப்பம் ஏற்றுகிறது எந்திரம்.

கொதிகலன் அறையில் இப்போது
சைக்கிள்கள் நிற்கின்றன.
எரிவாயு மீட்டரைக் கழற்ற மனமில்லாத ரொஷா
அசையாத அதன் எண்களைத்
தினமும் துடைக்கிறார்.

கணக்கு என் மேசையில்.
கூரைச் சூரியன்: கழித்தாயிற்று.
உணவகத்து மாட்டிறைச்சி: பாதியாயிற்று.
விமானங்கள்:
காலநிலை மாநாட்டுக்கு லிமா போனவர்கள்
நால்வர்.
சிவப்பு மையால் வட்டமிட்டேன்,
கொஞ்சம் அழுத்தியே.

இழுப்பறையில்
யாழ்ப்பாணம் போக என் டிக்கெட்.
தங்கைக்கு நிறைமாதம்.
சொந்தப் பயணத்துக்கு
இந்த அட்டவணையில் கட்டமில்லை.

எழுந்துபோய்
ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை
இன்னொரு தடவை
இறுக்கிச் சாத்தினேன்.